கப்பல் பிடிபட்டால் யார் தலையில் விடிகிறது?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிப் பிரிவிலும் டெஸ்பாட்ச் பிரிவிலும் பணியாற்றும் நண்பர்களுக்கு,



உங்கள் நிர்வாக இயக்குநர்களுக்கோ துறை அமைச்சருக்கோ எழுத வேண்டிய மடல் இது என்று சிலர் சொன்னார்கள். நான் உங்களுக்கே எழுதுகிறேன். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் கண்ணாடியும் எந்தக் கப்பலில், எந்த வழியாக, என்ன வாடகைக்குப் போவது என்று முதலில் பேசுகிறவர்கள் நீங்கள்தான். ஃபார்வர்டர் அனுப்பும் விலைப்பட்டியலைத் திறந்ததும் ஃப்ரெய்ட் எவ்வளவு, எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்கள் பிடிபட்டாலோ கைவிடப்பட்டாலோ அவர்களுடைய சம்பளத்துக்கும் உயிருக்கும் யார் பொறுப்பு? இதை உங்களைக் கேட்க வைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் உழைத்துக் கரையேறியவன். ஒரு முறை எங்கள் கப்பலின் முதலாளி கடனில் மூழ்கிச் சம்பளத்தை நிறுத்திவிட்டார். வெளிநாட்டுத் துறைமுகமொன்றுக்கு வெளியே நங்கூரம் போட்டு மாதக்கணக்கில் கிடந்தோம். எங்கள் சரக்கறையில் இருந்த பெட்டிகளை வேறொரு கப்பல் வந்து எடுத்துச் சென்றது. அவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பெட்டிகளுக்கு உரியவர்களில் ஒருவர்கூட, அதில் இருந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி கேட்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றும் எனக்குள் ஆறவில்லை. ஆனால் உங்கள் முன் நான் வைக்க வருவது என் கதையை அல்ல. இந்த வட்டாரத்தின் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது, அதை.

உங்கள் தொழிற்பேட்டைகள் நேற்று வந்தவை. ஆனால் இந்தப் பக்கத்துச் சரக்கு கப்பலேறுவதும், கடலில் பிறருடைய சண்டையில் சிக்குவதும் நேற்றுத் தொடங்கியவை அல்ல. 1602 அக்டோபரில் மலாக்கா நீரிணையில் பெரிய போர்த்துகீசியக் கப்பல் ஒன்றை ஆங்கிலேயர்கள் வளைத்துப் பிடித்தார்கள். டச்சுக்காரர்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். சுமார் 900 டன் கப்பல். அதில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 600 பேருக்கு மேல் இருந்தார்கள். அது புறப்பட்ட இடம் சாந்தோம், நம் மயிலாப்பூர். போகவேண்டிய இடம் மலாக்கா. உள்ளே இருந்தது துணி: வெள்ளைத் துணியும் சாயம் எழுதிய துணியுமாக 950 பொதிகள், அவை போகப் பெட்டி பெட்டியாக வேறு சரக்கு. எல்லாமே சோழமண்டலக் கரையின் உள்நாட்டு ஊர்களில் தறியில் ஏறி, சாயத்தில் தோய்ந்து, வண்டியேறிக் கடற்கரைக்கு வந்தவை. அந்தப் பொதிகளைத் தம் கப்பல்களுக்கு மாற்றி முடிக்க ஆங்கிலேயர்களுக்குப் பல நாட்கள் பிடித்தன.

அந்த ஆங்கிலப் படைக்குத் தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டர். கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31 அன்று அரசியின் சாசனம் பெற்று, 1601இல் அனுப்பிய முதல் பயணம் அது. வணிகம் செய்யப் புறப்பட்டவர்களுக்கும் மயிலாப்பூர்த் துணிக்கும் என்ன பகை என்று கேட்பீர்கள். ஒரு பகையும் இல்லை. அவர்களுடைய பகை ஸ்பெயினோடு. 1580 முதல் 1640 வரை போர்த்துகல்லின் முடியும் ஸ்பெயின் மன்னரின் தலையில்தான் இருந்தது. ஆகவே போர்த்துகீசியக் கொடி கட்டிய எந்தக் கப்பலும் ஆங்கிலேயர் கண்ணுக்கு ஸ்பெயின் கப்பல். அதற்குள் இருந்த துணியை நெய்தவர் யார், அது யார் வீட்டுச் சோறு என்று எவரும் விசாரிக்கவில்லை.

இந்தப் பிடித்துப் பறிக்கும் தொழில் எப்படி நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பங்கும் லாபமும் பேசும் தொழிலில் இருப்பவர்கள் நீங்கள், உங்களுக்கு இது உடனே புரியும். 1585இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் தம் துறைமுகங்களில் நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் பிடித்து வைத்தார். பொருளை இழந்த ஆங்கில வணிகர்களுக்கு லண்டனின் கடல்வழக்கு நீதிமன்றம் அனுமதிச் சீட்டு கொடுத்தது. சீட்டு வாங்கியவர் தன் சொந்தச் செலவில் கப்பலுக்குப் பீரங்கி பூட்டி, எதிரில் வரும் ஸ்பெயின் கப்பலைப் பிடித்து இழப்பை ஈடுகட்டிக்கொள்ளலாம். போகப் போக இழந்தவர், இழக்காதவர் என்ற வேறுபாடே பார்க்கப்படவில்லை. பணம் போட ஆள் இருந்தால் சீட்டும் கிடைத்தது. சீட்டு இல்லாமல் பிடித்தால் கொள்ளைக்காரன், தூக்குமரம். சீட்டோடு பிடித்தால் அரசியின் ஆள், விருந்தும் பட்டமும். பிடித்த பொருளில் பத்தில் ஒரு பங்கு கடற்படைத் தலைவருக்கு. மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கப்பல் உரிமையாளருக்கு, ஒரு பங்கு உணவும் மருந்தும் வாங்கப் பணம் போட்டவருக்கு, ஒரு பங்கு கப்பலில் போனவர்கள் எல்லோருக்கும் சேர்த்து. மாலுமிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கப்பல் சிக்கினால் பங்கு, சிக்காவிட்டால் வெறுங்கை.

பிரான்சிஸ் டிரேக் ஸ்பெயினின் வெள்ளிக் கப்பலைப் பிடித்ததையும், 1587இல் காடிஸ் துறைமுகத்தில் புகுந்து கப்பல்களைக் கொளுத்தியதையும், 1588இல் ஸ்பெயினின் பெரும்படை ஆங்கிலக் கால்வாயில் சிதறியதையும் கேட்டிருப்பீர்கள். அவற்றை வீரக் கதைகளாகச் சொல்வார்கள். ‘மாத்ரே தே தேயுஸ்’ என்ற கப்பலின் கதையை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அது நமக்கு இன்னும் நெருக்கமான கதை. கோவாவிலிருந்து லிஸ்பன் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலை 1592 ஆகஸ்டில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஆங்கிலச் சீட்டுக் கப்பல்கள் கூட்டமாகச் சேர்ந்து மடக்கின. ஏழு தளங்கள், 1,600 டன். அவ்வளவு பெரிய கப்பலை அதுவரை இங்கிலாந்து பார்த்ததில்லை. 400 டன்னுக்கு மேல் மிளகு, அதோடு கிராம்பு, இலவங்கப்பட்டை, பட்டு, பருத்தித் துணி, முத்து, மாணிக்கம். டார்ட்மத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள்ளும் சேர்த்த பிறகும் அடித்த கொள்ளையில் பெரும்பகுதி மறைந்தது. மிஞ்சியதே 1,40,000 பவுண்டு பெறும். எலிசபெத் அரசி போட்ட முதல் மிகச் சிறியது, எடுத்துக்கொண்டது அதைப்போல் பல மடங்கு. இந்தியாவின் செல்வம் எவ்வளவு என்பதை லண்டன் வணிகர்கள் கண்ணால் கண்டது அந்தக் கப்பலின் சரக்கறையில்தான். எட்டு ஆண்டுகள் கழித்துக் கம்பெனி பிறந்தது.

பிறந்தபோது யார் கையில் பிறந்தது என்றும் பாருங்கள். ஸ்பெயின் கப்பல்களைப் பிடிக்கும் சீட்டுத் தொழிலில் லண்டனிலேயே பெரும்புள்ளியாக இருந்த ஜான் வாட்ஸ் 1601இல் கம்பெனியின் ஆளுநரானார். பிறகு லண்டன் மாநகரின் மேயரும் ஆனார். லங்காஸ்டரே 1595இல் பிரேசிலின் பெர்னாம்புகோவைக் கொள்ளையிட்டுத் திரும்பியவர். அவர் ஏறி வந்த ‘ரெட் டிராகன்’ கம்பெனிக்கென்று கட்டிய கப்பல் அல்ல. கம்பர்லாந்து பிரபு ஸ்பெயின் கப்பல்களைப் பிடிப்பதற்காகக் கட்டிய கப்பல் அது. 3,700 பவுண்டு கொடுத்து வாங்கிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். சாந்தோம் துணி அந்தக் கப்பலுக்குள்ளும் போனது. அந்தத் துணியைக் கொண்டுதான் அவர்களால் ஜாவாவில் மிளகு வாங்க முடிந்தது, ஏனென்றால் அங்கே இங்கிலாந்தின் கம்பளியை யாரும் தொடவில்லை. நம் நெசவாளர்கள் நெய்த துணி கம்பெனியின் முதல் லாபத்துக்கு முதலீடானது, அவர்களுக்குத் தெரியாமலே.

இப்போது நான் கேட்க விரும்புவதைக் கேட்கிறேன். இந்தப் போரில் இழந்தவர் யார்? ஸ்பெயின் மன்னர் இழந்தார் என்பார்கள். அவருக்கு அடுத்த ஆண்டே பெருவிலிருந்து வெள்ளி வந்தது. சாந்தோம் வணிகர்கள் இழந்தார்கள், உண்மை. அவர்களுக்கும் கீழே யார்? அன்றைய சோழமண்டலக் கரையில் நெசவு முன்பணத்தில் நடந்தது. வணிகர் கொடுத்த முன்பணத்தில் நூல் வாங்கி, தறியில் உட்கார்ந்து, துணி கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது. வணிகருடைய கப்பல் திரும்பாவிட்டால் அடுத்த முன்பணம் எங்கிருந்து வரும்? சாந்தோம் கப்பலைப் பிடித்தவர்கள் பொதிகளை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதினார்கள். ஒரு நெசவாளியின் பெயர், ஓர் ஊரின் பெயர் அதில் இல்லை. பிறகு 1639இல் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் இடம் பார்க்க வந்தபோது, இங்கே துணி மற்ற இடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவு என்று மேலிடத்துக்கு எழுதினார். கோட்டை எழும்பியதற்கு அந்த மலிவும் ஒரு காரணம். மலிவின் விலையைக் கொடுத்தவர் யார் என்று அவரும் எழுதவில்லை.

பிடித்தவர்கள் பக்கத்திலும் கீழே இருந்தவர்கள் வாழ்ந்துவிடவில்லை. 1588இல் ஸ்பெயின் படையை விரட்டிவிட்டுக் கரைக்கு வந்த ஆங்கில மாலுமிகளுக்குச் சம்பளம் வரவில்லை. கப்பலிலேயே பரவிய காய்ச்சலோடு மார்கேட் ஊரின் தெருக்களில் விழுந்து செத்தார்கள். ஸ்பெயின் பீரங்கியால் இறந்தவர்களைவிட நோயாலும் பட்டினியாலும் இறந்தவர்கள் பல மடங்கு. படைத் தலைவர் ஹோவர்டு பிரபுவே அரசுக்கு மன்றாடி மடல்கள் எழுதினார். கருவூலம் அசையவில்லை. பிறகு ஊனமுற்ற மாலுமிகளுக்காக சாத்தம் நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நிதிக்கான பணம் மாலுமிகளின் சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் பிடிக்கப்பட்டது. வென்ற நாடும், கொழுத்த வணிகரும் தங்கள் பைக்குள் கையை விடவில்லை.

1856இல் பாரிசில் கூடிய வல்லரசுகள் அனுமதிச் சீட்டுக் கொள்ளையை ஒழித்துக் கையெழுத்திட்டன. எழுத்தில் ஒழிந்தது, கடலில் ஒழியவில்லை. 1914 செப்டம்பரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டே வந்து, 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. எண்ணெய் எரிந்ததை எல்லோரும் பேசுகிறோம். துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலில் குண்டுபட்டு இறந்தவர்களை யார் நினைக்கிறோம்?

தூத்துக்குடியில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற தனியார் ஆயுதக் கப்பல் பிடிபட்டது. சோமாலியக் கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கக் கூலிக்குத் துப்பாக்கி ஏந்தியவர்கள் அதில் இருந்தார்கள். மொத்தம் 35 பேர்: ஆறு ஆங்கிலேயர்கள், 14 எஸ்தோனியர்கள், மூன்று உக்ரைனியர்கள், 12 இந்தியர்கள். ஆயுத உரிமம் இல்லை என்ற வழக்கில் 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. நான்கு ஆண்டுகள் போயின. வழக்கின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் சிறையில் இருந்தவர்கள் கூலிக்குப் போனவர்கள்தான், அனுப்பியவர்கள் அல்ல.

இனி உங்கள் மேசைக்கே வருகிறேன்.

2023 நவம்பர் 19. செங்கடலில் ‘கேலக்ஸி லீடர்’ என்ற கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. ஏமனின் ஹூதிப் படையினர் துப்பாக்கியோடு குதித்தார்கள். அது கார் ஏற்றும் கப்பல். எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் உங்கள் கார்கள் வரிசையாக ஓடி ஏறுகின்றனவே, அதே வகைக் கப்பல். துருக்கியிலிருந்து குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. கொடி பஹாமாஸ். இயக்கியது ஜப்பானிய நிறுவனம். உரிமையில் ஓர் இஸ்ரேலியத் தொழிலதிபருக்குத் தொடர்பு உண்டு, அதுதான் பிடித்ததற்குச் சொன்ன காரணம். கப்பலில் இருந்த 25 பேரில் ஒருவர்கூட இஸ்ரேலியர் அல்லர். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள், மற்றவர்கள் பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், மெக்சிகோ நாட்டவர். கப்பலை ஏமன் கரையோரம் கட்டி வைத்தார்கள். ஊர்மக்கள் படகில் வந்து வேடிக்கை பார்த்துப் போனார்கள். அந்த 25 பேரும் வீடு திரும்பப் புறப்பட்டது 2025 ஜனவரி 22 அன்று. பதினான்கு மாதங்கள். கார் ஏற்றும் கப்பலில் வேலைக்குப் போனது தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன, சொல்லுங்கள்.

2024 மார்ச் 6 அன்று இரும்புப் பொருள்களும் லாரிகளும் ஏற்றிக்கொண்டு ஜெட்டாவுக்குப் போன ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ மீது ஏவுகணை விழுந்தது. மூன்று மாலுமிகள் இறந்தார்கள். 21 பேரை நம் கடற்படையின் ஐஎன்எஸ் கொல்கத்தா கரைசேர்த்தது. அடுத்த மாதம் ஹோர்முஸ் அருகே ‘எம்எஸ்சி ஏரீஸ்’ என்ற கன்டெய்னர் கப்பலை ஈரானியப் படை பிடித்தது. மும்பை நவசேவா துறைமுகத்துக்கு வரவேண்டிய கப்பல் அது. 25 பேரில் 17 பேர் இந்தியர்கள். பிடித்தவர்கள் யாரும் தங்களைக் கொள்ளையர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரிடமும் ஓர் அரசின் பெயரோ ஒரு போரின் பெயரோ இருந்தது. 1602இல் லங்காஸ்டரிடமும் அதுதான் இருந்தது.

பிடிப்பவர் கொள்ளையரா, அரசா என்ற இந்த வேறுபாடு வெறும் சொல் விவகாரம் அல்ல, சம்பள விவகாரம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவானது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. 2017 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மாலுமிகள் கைவிடப்பட்டால் நான்கு மாதச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருக்கிறது என்ற சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். 2020 டிசம்பர் முதல் இன்னொரு பாதுகாப்பும் வந்தது: கொள்ளையர் பிடித்துச் சென்றால், விடுவிக்கப்பட்டு ஊர் சேரும்வரை சம்பளம் ஓடும். எவ்வளவோ போராடிக் கிடைத்தவை இவை. ஆனால் அந்தத் திருத்தம் கடற்கொள்ளையையும் கப்பல்மீதான ஆயுதக் கொள்ளையையும்தான் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஓர் அரசோ அரசின் பெயரில் இயங்கும் படையோ பிடித்தால் என்ன என்று அதில் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. நானூறு ஆண்டு பழைய ஓட்டை இன்னும் அடைபடவில்லை. போர்ப் பகுதிக்குள் போக மறுக்கும் உரிமையும் கூடுதல் படியும் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களில் உண்டு. ஒப்பந்தம் இல்லாத கப்பலில் இருப்பவன் மறுத்தால் அடுத்த வேலை கிடைக்காது. இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, கூட வேலை பார்த்தவர்களின் வாழ்க்கையில் கண்டு எழுதுகிறேன்.

சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்கில் 2024இல் மட்டும் 312 கப்பல்கள் கைவிடப்பட்டன. நிராதரவாக நின்றவர்கள் 3,000 பேருக்கு மேல். நாடுவாரியாகப் பார்த்தால் அதிகம் பேர் இந்தியர்கள். தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம், கடலூர் வீடுகளில் இருந்து போகிற பையன்கள் அந்தக் கப்பல்களில் எல்லாம் இருக்கிறார்கள். உங்கள் ஷாப் ஃப்ளோரில் வேலை செய்பவரின் அண்ணனோ மைத்துனனோ அப்படிப் போயிருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

‘கப்பலில் ஆள் வைப்பது கப்பல்காரன் பாடு, நாங்கள் இடம் பிடிக்கிறவர்கள்’ என்பீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். கடல் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை. ஜெனரல் ஆவரேஜ் என்ற விதி உங்களுக்குத் தெரியும். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆகும் செலவில் சரக்குக்காரர் எல்லோருக்கும் பங்கு உண்டு. 2021இல் சூயசில் ‘எவர் கிவன்’ சிக்கிக்கொண்டபோது அதில் பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் பங்கு கட்டச் சொல்லப்பட்டார்கள். கடலில் வரும் ஆபத்து கூட்டு ஆபத்து என்பது வணிகத்தின் பழைய நியாயம். பொருளைக் காப்பாற்ற அந்த நியாயம் செல்லும், ஆளைக் காப்பாற்றச் செல்லாது என்று எந்த முகத்தோடு சொல்ல முடியும்?

‘எங்கள் விற்பனை எஃப்ஓபி. கப்பலை வாங்குபவர்தான் பிடிக்கிறார்’ என்பவர்களும் உங்களில் உண்டு. இது நேர்மையான பதில், அதனால் நேர்மையாகவே பதில் சொல்கிறேன். அந்த வாங்குபவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்! குழந்தைத் தொழிலாளர் உண்டா, மிகைநேர வேலைக்குக் கூலி கொடுக்கிறீர்களா, கழிவுநீர் எங்கே போகிறது, கரியமிலக் கணக்கு என்ன. ஜெர்மனியில் 2023இல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இந்தப் படிவங்கள் இன்னும் தடித்தன. நீங்களும் இரவு கண்விழித்து நிரப்புகிறீர்கள். உங்கள் கேட்டுக்குள் இருப்பவருக்காக அவர் கேட்கும் கேள்வியை, உங்கள் கேட்டுக்கும் அவர் கேட்டுக்கும் நடுவில் கடலில் இருப்பவருக்காக நீங்கள் திருப்பிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

‘ஃப்ரெய்ட் ஏறிவிடும்’ என்பது மூன்றாவது பதில். ஃப்ரெய்ட் ஏற்கெனவே ஏறித்தான் இருந்தது. செங்கடலை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் ஐரோப்பாவுக்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் கூடுகின்றன. போர் ஆபத்துக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி பில்லில் வந்ததை நீங்களே பாஸ் செய்தீர்கள். அந்தப் பணத்தில் கப்பலில் இருப்பவர் கைக்கு எவ்வளவு போனது என்று ஒருவராவது கேட்டீர்களா? ஆபத்தின் பெயரால் பணம் கட்டுகிறீர்கள். ஆபத்தில் நிற்பவனுக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்பது உங்கள் வேலைக்கு உட்பட்டதுதான்.

கரையிலும் இதே கதைதான் நடக்கிறது. கப்பல் நாள் தவறினால் துறைமுக கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டுகின்றன. வண்டிக்கடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஓட்டுநர் நாள்கணக்கில் காத்திருக்கிறார். காத்திருப்புக்கான கட்டணம் கப்பல் கம்பெனிக்குப் போகிறது, ஓட்டுநருக்கு டிரிப் பணம் மட்டும். கிடங்கு நிரம்பினால் முதலில் ஷிஃப்ட் குறைக்கப்படுவது காண்ட்ராக்ட் ஆட்களுக்கு. போரை அறிவித்தவர்களின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதம் அவர்கள் வீட்டு வாடகை பாக்கி நிற்கிறது. மாலுமிக்காக நான் கேட்கும் நியாயம் இவர்களுக்கும் உரியது. கடலில் நேரும் தாமதத்தின் விலையை இவர்கள் கூலியில் கழிக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று திட்டமாகச் சொல்கிறேன். விலைப்பட்டியல் கேட்டு அனுப்பும் உங்கள் படிவத்தில் சில வரிகளைக் கூட்டுங்கள். கப்பலின் பெயர் தெரிந்தவுடன் அதன் தொழிலாளர் உடன்படிக்கைச் சான்றிதழ்களின் நகலைக் கேளுங்கள். ஒழுங்கான கப்பல் கம்பெனி ஒரே நாளில் அனுப்பிவிடும், ஏனென்றால் அது ஏற்கெனவே கப்பலின் சுவரில் ஒட்டியிருக்கிறது. அனுப்பத் தயங்கும் கம்பெனி எப்படிப்பட்டது என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும். போர் ஆபத்துப் பகுதி வழியாகப் போவதாக இருந்தால், மறுத்து இறங்கும் உரிமை மாலுமிகளுக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். பிடிப்பவர் கொள்ளையரானாலும், ஓர் அரசானாலும், அரசின் பெயர் சொல்லும் படையானாலும், பிடிபட்டவர் வீடு சேரும்வரை சம்பளம் நிற்காது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சர்வதேச விதியில் இல்லாத வரியை ஒரு வணிக ஒப்பந்தத்தில் எழுத எந்தத் தடையும் இல்லை. எஃப்ஓபி என்றால் இதே கேள்விகளை வாங்குபவருக்கு அனுப்புங்கள்.

தனியாக ஒருவர் கேட்டால் கப்பல் கம்பெனி சிரித்துக் கடந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இந்தச் சாலையோரத்தில் இருக்கும் தொழிற்சாலைகள் ஏற்றி அனுப்பும் சரக்கு சிறியதல்ல. இந்தியாவின் கார் ஏற்றுமதியில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் பேரம் பேசும் வலிமை 1602இன் நெசவாளியிடம் இருக்கவில்லை. தன் துணி எந்தக் கப்பலில் ஏறியது என்பதே அவருக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்குக் கப்பலின் பெயர் தெரியும், அது இந்த நிமிடம் எந்தக் கடலில் போகிறது என்று திரையில் பார்க்க முடியும், அதன் கம்பெனியின் விற்பனையாளர் உங்கள் அழைப்பை முதல் மணியிலேயே எடுப்பார். இவ்வளவு தெரிந்திருந்தும் கேட்காமல் இருந்தால் அந்தப் பழியிலிருந்து நாம் தப்ப முடியாது.

உங்கள் தொழில் கூட்டமைப்புகளின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பத்து நிறுவனங்கள் ஒரே வாசகத்தில் கேட்டால் போதும், கப்பல் கம்பெனிகள் அதைத் தங்கள் வழக்கமான படிவத்தில் அச்சடித்துவிடும். மேலதிகாரி முதலில் முகம் சுளிப்பார். இந்த மடலை அவரிடம் கொடுங்கள். அதற்குள் அடுத்த மாதத்துக்கான ஃப்ரெய்ட் கோட்டேஷனை நீங்கள் கேட்டாக வேண்டுமே, அதிலேயே அந்த வரியை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் கப்பல் தொழிலாளி
காஞ்சிபுரம் சாலை, சுங்குவார்சத்திரம்